முனிரத்தினத்தின் வலிப்புப் பொடி

போன மாதம் ஷில்பா வீட்டுக்கு வந்திருந்தாள். கல்லூரியில் என் கடைசி வருடங்களில் பக்கத்து மேஜையில் வேலை பார்த்தவள். இப்போது பெங்களூரில் ஒரு பெரிய ஆய்வகத்தில் இருக்கிறாள். வலிப்புக்கான மூலிகைகளை இப்போதெல்லாம் முதலில் மீன் குஞ்சுகளில்தான் சோதித்துப் பார்க்கிறார்களாம். எலியைத் தொடவேண்டும் என்றால் ஒரு குழு கூடி, எத்தனை எலி, எதற்காக, எவ்வளவு வலிக்கும் என்றெல்லாம் கேட்டு அனுமதி தரவேண்டுமாம். நல்ல காரியம் என்றேன்.

"அந்த ஷாக் பெட்டிய வெச்சிகிட்டு அத்தன வருஷம் எப்படி மேடம் மேனேஜ் பண்ணீங்க? பயமா இருக்காதா?" என்று கேட்டாள்.

"பயம் இருந்துச்சும்மா. பெட்டி மேல இல்ல" என்று சொல்லிவிட்டுக் காபி போட எழுந்துவிட்டேன். அவள் போன பிறகுதான், சொல்லாமல் விட்டதை எழுதிவிடலாம் என்று தோன்றியது.

நான் கோலார் தங்கச் சுரங்கத் தொழிலாளர்களின் சாம்பியன் ரீஃப் லைன் வீடுகளில் பிறந்தவள். பெயர் தமயந்தி. அப்பா சுரங்கத்தின் ஆழத்தில் பாறையில் துளை போடும் வேலை பார்த்தவர். கல் தூசி நுரையீரலில் இறங்கி, ஓய்வு வயதுக்கு முன்பே போய்ச் சேர்ந்தார். நான் பி.யு.சி. முடித்து, கோலாரில் ஆய்வக உதவியாளர் படிப்பு படித்து, எலியைப் பிடிக்கவும் எலியிடம் கடிபடவும் பழகி, ராபர்ட்சன்பேட்டைக்கு வெளியே இருந்த ஒரு பார்மசி கல்லூரியில் சேர்ந்தேன். மருந்தியல் துறை. எங்கள் ஜன்னலைத் திறந்தால் எதிரே சயனைடு மேடு, தங்கத்தைப் பிரித்தெடுத்த பிறகு கொட்டிய மண்ணின் குன்று. காற்று அடித்தால் அந்த மண் உள்ளே வரும் என்பதால் ஜன்னலைத் திறப்பதே கிடையாது.

துறைத் தலைவர் டாக்டர் ஸ்ரீகண்டையா. கோலார் பக்கத்துக் கன்னடக்காரர். எங்கள் எல்லோரோடும் தமிழிலேயே பேசுவார், நடுவில் கன்னடம் வந்து விழும். எதைக் கேட்டாலும் அவர் சொல்லும் முதல் பதில், "நோடோணா." பார்ப்போம் என்று அர்த்தம். சம்பள உயர்வைப் பற்றிக் கேட்டாலும் நோடோணா, சோதனை அருமையாக வந்திருக்கிறது என்றாலும் நோடோணா. ஒரே ஒரு முறை தவிர, குரலை உயர்த்தி நான் கேட்டதில்லை. கோபம் வந்தால் மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைப்பார். ரொம்பக் கோபம் வந்தால் இரண்டு முறை துடைப்பார்.

விலங்குகள் இருக்கும் அறைக்கு அவர் வைத்திருந்த சட்டங்கள் இன்னும் என் உடம்பில் இருக்கின்றன. செருப்பை வெளியே விடவேண்டும். தலையில் பூ கூடாது, முகத்தில் பவுடர் கூடாது. கல்யாண வீட்டுக்குப் போய்விட்டு வந்தாலும் மல்லிகையை எடுத்து வாசல் ஆணியில் மாட்டிவிட்டுத்தான் உள்ளே போவேன். போனதும் கூண்டைத் தொடக்கூடாது. சும்மா நிற்கவேண்டும். "அதுங்களுக்கு உங்க வாசனை பழகட்டும். பயந்த எலி சொல்ற பதில் பயத்தோட பதில், மருந்தோட பதில் இல்ல" என்பார்.

இந்த ஊரில் எலிகள் பயப்படுவதற்கு இன்னொரு காரணமும் இருந்தது. சுரங்கத்தின் அடியில் பாறை வெடித்து நிலம் குலுங்கும். ஏர் பிளாஸ்ட் என்போம். அலமாரியில் பாத்திரம் ஆடும், நாங்கள் பேச்சை நிறுத்தாமல் டம்ளரை மட்டும் பிடித்துக்கொள்வோம். ஆனால் கூண்டில் எலிகள் எல்லாம் ஒரு மூலையில் குவிந்துவிடும். அன்றைக்குச் சோதனை ரத்து. மருந்து கொடுத்து முடித்திருந்தாலும் ரத்து. மாணவர்கள் முணுமுணுப்பார்கள். அவர் கண்ணாடியைத் துடைப்பார்.

சோதனையைச் சொல்கிறேன். வெள்ளெலிகளை மூன்று கூட்டமாகப் பிரிப்போம். ஒரு கூட்டத்துக்கு வெறும் கோந்துத் தண்ணீர். ஒரு கூட்டத்துக்கு ஆஸ்பத்திரிகளில் தருகிற வலிப்பு மருந்து, பினோபார்பிடோன். மூன்றாவது கூட்டத்துக்கு நாங்கள் சோதிக்க வந்த செடியின் சாறு. பிடரித் தோலை இரண்டு விரலால் பிடித்துத் தூக்கி, முனையில் குமிழ் வைத்த வளைந்த ஊசியை வாயோரமாக விட்டு, தொண்டையில் இடிக்காமல் இரைப்பைக்குள் இறக்கவேண்டும். மருந்து ரத்தத்தில் ஏறும்வரை காத்திருப்போம். பிறகு உப்புத் தண்ணீரில் நனைத்த பஞ்சு வைத்த சின்னக் கவ்விகளைக் காதில் மாட்டி, பொத்தானை ஒரு தட்டு. கண் மூடித் திறப்பதற்குள் மின்சாரம் வந்து போய்விடும். உடம்பு விறைக்கும். முன்கால் மடங்கும். பின்கால்கள் இரண்டும் பின்னோக்கி நீண்டு கட்டையாக நிற்கும். அப்புறம் உதறல். அப்புறம் எங்கே இருக்கிறோம் என்று தெரியாத மாதிரி ஒரு கிடை. பின்கால்கள் நீளாமல் இருந்தால் மருந்து காத்தது என்று பொருள். ஆகவே என் கண் எப்போதும் பின்கால்களின் மேலேயே இருக்கும். சில எலிகள் எழுந்திருக்காது. அவற்றைத் துணியில் சுற்றி வைப்பது என் வேலை.

மற்றவர்களுக்கு அது எலி. எனக்கு அந்த விறைப்பு, அந்த உதறல், அந்தக் கிடை எல்லாம் வேறு ஒரு முகத்தோடு தெரியும்.

என் தம்பி ஆனந்தனுக்குப் பள்ளிக்கூடத்தில் பிரேயரில் நிற்கும்போது முதல் முறை வந்தது. யாரோ கையில் சாவிக்கொத்தைத் திணித்தார்கள். யாரோ பல்லுக்கிடையில் கட்டையை வைத்து ஒரு பல்லை உடைத்தார்கள். அதற்குப் பிறகு ஆஸ்பத்திரி மாத்திரை. அந்த மாத்திரையில் ஈறு வீங்கியது. வயசுப் பையன், சிரிக்கும்போது வாயைக் கையால் மூடிக்கொள்வான். மூன்று வேளை சாப்பிடுவான், நாலாவது வேளை விட்டுவிடுவான். விட்ட வாரம் விழுவான்.

தொண்ணூறுகளின் நடுவில் யாரோ சொல்லி, ஆண்டர்சன்பேட்டையைத் தாண்டி வி.கோட்டை ரோட்டில் இருந்த முனிரத்தினம் என்ற நாட்டு வைத்தியரிடம் அம்மா அவனைக் கூட்டிக்கொண்டு போனார். நீர்ப்பிரம்மியும் வசம்பும் சேர்த்து இடித்த பச்சைப் பொடி. காலையும் இரவும் தேனில் குழைத்துச் சாப்பிடவேண்டும். ஆனந்தன் மாத்திரையை நிறுத்தினான். விழுவதும் நின்றது. ஈறு வற்றியது. பெங்களூரில் ஒரு பட்டறையில் ஃபிட்டர் வேலை கிடைத்து, தினமும் மாரிக்குப்பத்தில் காலை ரயில் ஏறினான். குடியாத்தத்தில் கோமதி என்ற பெண்ணைப் பார்த்துப் பேசி முடித்தோம். தை மாதம் கல்யாணம். அவனுக்கு வலிப்பு இருந்ததை அவர்களிடம் சொல்லவில்லை. "போன சீக்க இன்னாத்துக்கு இஸ்துகினு வந்து சொல்லணும்?" என்றார் அம்மா.

எனக்கு அந்தப் பொடியின் மேல் அவ்வளவு நம்பிக்கை. உலகத்துக்கே தெரியவேண்டிய மருந்து எங்கள் ஊர் ரோட்டோரத்தில் கிடக்கிறதே என்று ஒரு பொட்டலத்தைக் கொண்டுபோய் டாக்டரின் மேஜையில் வைத்தேன். தம்பியைப் பற்றியும் சொன்னேன். அவர் முகர்ந்து பார்த்தார். விரலால் தொட்டு நாக்கில் வைத்தார்.

"நோடோணா."

முதல் நாள் சோதனையில் கவ்வியை இரண்டு முறை மாட்டவேண்டி வந்தது. கோந்துத் தண்ணீர் குடித்த எலிகளுக்கு எல்லாம் பின்கால்கள் நீண்டன. பொடி குடித்த முதல் எலி விறைத்தது, உதறியது, ஆனால் பின்கால்கள் நீளவில்லை. இரண்டாவதும் அப்படியே. மூன்றாவதும் அப்படியே. மாணவர்கள் என் தோளைத் தட்டினார்கள். நான் டாக்டரைப் பார்த்தேன். அவர் பொடி குடித்த எலிகளின் கூண்டுக்கு முன் குனிந்து நின்றுகொண்டிருந்தார். அவை தூங்கி வழிந்துகொண்டிருந்தன. சுழலும் கம்பியின் மேல் நிற்க வைத்தபோது ஒவ்வொன்றாக வழுக்கி விழுந்தன.

அடுத்த வாரம் ஷாக்குக்குப் பதிலாக, வலிப்பை உண்டாக்கும் ஊசி போட்டுப் பார்த்தோம். அதிலும் பொடி காத்தது. அளவைக் குறைத்தால் பலன் குறைந்தது, கூட்டினால் கூடியது. எனக்குச் சந்தோஷத்தில் சாப்பாடு இறங்கவில்லை. டாக்டர் கண்ணாடியைக் கழற்றினார்.

"தமயந்தியவரே, ஒரு செடி இவ்ளோ ஒழுங்கா நடந்துக்காது."

"இன்னா சார் சொல்றீங்க?"

"செடிக்கு மழை இருக்கு, வெயில் இருக்கு, மண்ணு இருக்கு. ஒரு தரம் இப்படி இருக்கும், இன்னொரு தரம் அப்படி இருக்கும். இது நம்ம ரெண்டாவது கூண்டு மாதிரியே நடக்குது."

இரண்டாவது கூண்டு என்றால் பினோபார்பிடோன் கொடுத்த கூட்டம்.

பேத்தமங்கலம் ஏரிக் கரையிலிருந்து நீர்ப்பிரம்மி கொண்டுவரச் செய்தார். சந்தையில் வசம்பு வாங்கினோம். காயவைத்து, இடித்து, சலித்து, எங்கள் கையாலேயே அதே பொடியைத் தயாரித்தோம். அதைக் குடித்த எலிகள் சுறுசுறுப்பாக ஓடின. பொத்தானைத் தட்டியதும் பின்கால்கள் நீண்டன. ஒன்றிரண்டு தப்பின, அவ்வளவுதான். தினமும் காலையில் கூண்டைத் திறக்கும்போது, இன்றைக்காவது நம் பொடி வேலை செய்யட்டும் என்று எங்கள் பௌத்த விகாரையில் நிற்கிற மாதிரி மனசுக்குள் கேட்டுக்கொண்டேன். வேலை செய்யவில்லை.

கடைசியில் வேதியியல் துறையில் அந்தப் பொடியைச் சாராயத்தில் கலக்கி வடிகட்டி, வெள்ளைப் பூச்சு பூசிய கண்ணாடித் தகட்டின் ஓரத்தில் ஒரு பொட்டு வைத்தார்கள். பக்கத்தில் பினோபார்பிடோன் கரைசலில் ஒரு பொட்டு. தகட்டைத் திரவத்தில் நிறுத்தினால் திரவம் மேலே ஏறும்போது பொட்டுகளும் கூடவே ஏறும். ஒரே பொருளாக இருந்தால் ஒரே உயரத்தில் நிற்கும். அறையை இருட்டாக்கி ஊதா விளக்கைப் போட்டார்கள். இரண்டு கறுத்த பொட்டுகள், பக்கத்தில் பக்கத்தில், ஒரே உயரம். வேறு வேறு நாள் வாங்கிய பொட்டலங்களையும் பார்த்தோம். எல்லாவற்றிலும் அந்தப் பொட்டு இருந்தது. ஒன்றில் மங்கலாக, ஒன்றில் மை கொட்டின மாதிரி.

ஆனந்தன் சில நாட்களில் பகலெல்லாம் தூங்கி விழுந்ததற்கும், சில நாட்களில் எரிந்து விழுந்ததற்கும் காரணம் எனக்கு அங்கே புரிந்தது.

டாக்டர் என்னை உட்காரச் சொன்னார். அவர் யாரையும் உட்காரச் சொல்லிப் பேசுகிறவர் அல்ல.

"உங்க தம்பிகிட்ட இன்னிக்கே சொல்லுங்க. ஆனா மொதல்ல சொல்ல வேண்டியது, பொடியில கலப்படம்னு இல்ல. நிறுத்தாதேன்னு சொல்லுங்க. இந்த மருந்தப் படிப்படியாத்தான் குறைக்கணும். சட்னு நிறுத்தினா, இருந்த வலிப்ப விடப் பெரிசா வரும். நிக்காமலும் வரும். புரியுதா?"

புரிந்தது. எலிகளில் பார்த்திருக்கிறேன்.

அன்று சாயங்காலம் ஆனந்தனிடம் சொன்னேன். முதலில் நிறுத்தாதே என்றுதான் சொன்னேன். அவன் காதில் விழுந்தது வேறு.

"அப்போ நான் இன்னும் சீக்காளிதான்னு சொல்ற."

"அப்பிடி இல்லடா. அதே மருந்த அளவா, மாத்திரையா, டாக்டர்கிட்ட வாங்கி சாப்டலாம். அரசு ஆஸ்பத்திரிக்கு நானும் வர்றேன்."

"அங்க க்யூவுல நின்னா ஊர் பூரா பாக்கும். தைக்கு அப்பறம் பாத்துக்கலாம்கா."

அம்மா அடுப்படியிலிருந்து குரல் கொடுத்தார். "நல்லா கீற புள்ளைக்கு நீ இன்னாத்துக்குடி எலி வைத்தியம் பாக்கற?"

கல்யாணம் வரை பொடியையே தொடர்வதாக ஒப்புக்கொண்டான். அதுவே போதும் என்று நினைத்தேன்.

டாக்டருக்கு அதைவிடப் பெரிய கவலை. அந்தப் பொடியை இந்த ஊரில் எத்தனை பேர் சாப்பிடுகிறார்கள் என்று யாருக்கும் தெரியாது. "போலீசுக்குப் போனா அவர் ஓடிப்போவாரு. அவர் போனா பொடி நிக்கும். பொடி நின்னா..." என்று நிறுத்திக்கொண்டார். அரசு மருத்துவமனையில் ஒரு மருத்துவரிடம் ரகசியமாகப் பேசி, பொடி சாப்பிடுகிறவர்களை ஒவ்வொருவராக மாத்திரைக்கு மாற்ற ஏற்பாடு செய்தார். அதுவரை பொடி தொடர்ந்து கிடைக்கவேண்டும். அதற்கு வைத்தியரிடமே பேசிவிடலாம் என்று ஒரு காலை தன் ஸ்கூட்டரில் கிளம்பினார். நான் பஸ்ஸில் போய் அங்கே சேர்ந்துகொண்டேன்.

முனிரத்தினம் நான் நினைத்த மாதிரி தந்திரக்காரராகத் தெரியவில்லை. மெலிந்த மனிதர், காதில் கடுக்கன், பேச்சில் பாதி தெலுங்கு. எங்களுக்கு மோர் கொண்டுவரச் சொன்னார். டாக்டர் நேராகக் கேட்டார்.

"பச்சிலையோட வேற இன்னா சேக்கறீங்க?"

"உப்பு சாமி. வெள்ள உப்பு. சித்தூர்லருந்து ஒர்த்தர் டப்பாவுல கொண்டாந்து தருவாரு. பொடி கெடாம இருக்கும்னாரு. அத சேத்த பொறகு நல்லா கொணமாவுது."

"அது உப்பு இல்ல. இங்கிலீஷ் மருந்து. அளவு தப்பினா மூச்சே நின்னுடும்."

வைத்தியர் முகம் வெளுத்துவிட்டது. என்னைப் பார்த்தார், வாசலைப் பார்த்தார்.

"என்ன புடிச்சி குடுத்துடுவீங்களா சாமி?"

"மொதல்ல ஜனங்களப் பாக்கணும். பொடிய நிறுத்தாதீங்க. வர்றவங்க பேரு, ஊரு எங்களுக்குச் சொல்லுங்க. ஆஸ்பத்திரியில பேசி வெச்சிருக்கேன். ரெண்டு வாரம் போதும்."

கையெடுத்துக் கும்பிட்டுச் சரி என்றார். திரும்பி வரும்போது டாக்டர், "நல்ல மனுஷன். நிப்பாரு" என்றார். நோடோணா என்று சொல்லாமல் அவர் நம்பி நான் கேட்டது அந்த ஒரு முறைதான்.

மறுநாளோ அதற்கு மறுநாளோ, வைத்தியர் ஊரை விட்டே போய்விட்டார் என்று ஆண்டர்சன்பேட்டை கடைத்தெருவில் சேதி வந்துவிட்டது. நான் ஓடினேன். வீடு பூட்டிக் கிடந்தது. தொழுவத்தில் ஆடுகளும் இல்லை. வாசலில் ஏழெட்டுப் பேர் உட்கார்ந்திருந்தார்கள். மடியில் குழந்தையை வைத்திருந்த ஒரு பெண், "எப்ப வருவாரு, உங்களுக்குத் தெரியுமா?" என்று என்னைக் கேட்டாள். அவர்களுக்கு விஷயத்தைச் சொல்லி, ஆஸ்பத்திரியில் யாரைப் பார்க்கவேண்டும் என்று சொன்னேன். பாதிப் பேர் நம்பவில்லை. வெள்ளைக் கோட்டுக்காரர்கள்தான் அவரை விரட்டிவிட்டார்கள் என்று ஒருவர் என் முகத்துக்கு நேரே சொன்னார். அதில் பொய் இல்லை.

டாக்டரிடம் வந்து சொன்னேன். கண்ணாடியைக் கழற்றினார், துடைத்தார், மறுபடி துடைத்தார். "தப்பு என்னுது" என்றார்.

வீட்டுக்குப் போய் ஆனந்தனைப் பிடித்தேன். "உங்கிட்ட பொடி எவ்ளோ கீது?"

"கீதுக்கா. கல்யாணம் வரிக்கும் வரும்."

"எங்க, காட்டு."

"பட்டறை பெட்டியில வெச்சிகீறேன். அங்கதான் காலைல சாப்டறேன். நம்ப மாட்டியா?"

நம்பினேன். அடுத்த சில நாட்களில் அவன் கண்கள் தெளிந்தன, முன்பு இருந்த தூக்கக் கலக்கம் இல்லை. அது எனக்கு எச்சரிக்கையாகப் பட்டிருக்கவேண்டும் என்று பின்னால் தோன்றியது. அந்த நேரத்தில் ஆறுதலாகத்தான் பட்டது.

ஒரு வாரம் கழித்து ஒரு காலை, கூண்டுகளுக்கு முன் நின்று எலிகளுக்கு என் வாசனையைப் பழக்கிக்கொண்டிருந்தபோது அலுவலகப் பையன் கதவைத் தட்டினான். பங்காருபேட்டை ரயில் நிலையத்திலிருந்து போன். ஆனந்தனின் கூட்டாளி பேசினான். வண்டி அங்கே நின்றுகொண்டிருக்கும்போதே ஆனந்தனுக்கு வந்துவிட்டதாம். "ஒரு வாட்டி வந்து நின்னுச்சிக்கா. எந்திரிப்பான்னு பாத்தோம். எந்திரிக்காமலே மறுபடியும் வருது, மறுபடியும் வருது."

அதைக் கேட்டதும் எனக்கு எல்லாம் தெரிந்துவிட்டது. டாக்டர் ஸ்கூட்டரை எடுத்தார். பின்னால் உட்கார்ந்து போன அந்த வழி முழுக்க, அவர் எதுவும் சொல்லிவிடக்கூடாதே என்றே இருந்தது.

பங்காருபேட்டை மருத்துவமனையில் அவனைக் கட்டிலில் நாலு பேர் அழுத்திப் பிடித்திருந்தார்கள். நெற்றியில் பிளாட்பாரத்தில் அடிபட்ட காயம். உதடு நீலம். விறைத்தான், உதறினான், ஒரு மூச்சு விட்டான், மறுபடி விறைத்தான். இரண்டு கால்களும் கட்டிலைத் தாண்டி நீட்டி நின்றன. அத்தனை வருடம் நான் எதைப் பார்க்கப் பழகியிருந்தேனோ அதையே பார்த்துக்கொண்டிருந்தேன். கண்ணை எடுக்க முடியவில்லை.

எங்களுக்கு முன்பே ஆட்டோவில் வந்து சேர்ந்திருந்த அம்மாவை டியூட்டி டாக்டர் கேட்டுக்கொண்டிருந்தார். சின்ன வயதுப் பெண். "இன்னா மருந்து சாப்பிடறாரும்மா? ஏதாவது நிறுத்தினாரா?"

"ஒரு மருந்தும் இல்ல டாக்டரம்மா. பச்சிலைதான். இங்கிலீஷ் மருந்த அவன் தொட்டே ரொம்ப நாளாச்சி."

அந்தப் பெண் மூளைக் காய்ச்சலா என்று கழுத்தை மடக்கிப் பார்க்கப் போனார். ஸ்ரீகண்டையா முன்னால் வந்தார். அவர் குரல் உயர்ந்து நான் கேட்டது அப்போதுதான்.

"பினோபார்பிடோன். ஒரு வருஷத்துக்கு மேல, தினமும், அளவு தெரியாம சாப்பிட்டிருக்கார். இப்ப திடீர்னு நின்னிருக்கு. பொடிய நாங்க சோதிச்சோம், தகட்டுல என் கண்ணால பார்த்தேன்."

அந்தப் பெண் ஒரு கணம் அவரைப் பார்த்தார். கையில் அவசர ஊசியைத் தயாராக வைத்திருந்தார். அதை நரம்பில் மெதுவாக ஏற்றினார். உதறல் குறைந்தது, நின்றது, மறுபடி தொடங்கியது. பிறகு அலமாரியிலிருந்து பினோபார்பிடோன் ஊசி எடுத்துவரச் சொன்னார். மூச்சு நின்றுவிடக்கூடும் என்று தலைமாட்டில் ஒரு நர்ஸைப் பலூன் பையோடு நிறுத்திவிட்டு அதையும் ஏற்றினார். நாங்கள் அவன் மார்பையே பார்த்துக்கொண்டிருந்தோம். ஏறியது. இறங்கியது. ஏற நேரமெடுத்தது. ஏறியது. அம்மா என் முழங்கையைப் பிடித்திருந்த இடம் பிறகு கன்றிப்போய்விட்டது.

உதறல் மறுபடி வரவில்லை. நர்ஸ் பையைக் கீழே வைத்த பிறகுதான் டாக்டர் ஸ்ரீகண்டையா வராந்தாவுக்குப் போய் உட்கார்ந்தார். வெறுங்காலில் இருந்தார். விலங்கு அறை வாசலில் விட்ட செருப்பை மாட்டாமலே வந்திருக்கிறார்.

ஆனந்தன் மறுநாள் பேசினான். பொடியை எப்போது நிறுத்தினாய் என்று கேட்டேன்.

"வைத்தியர் வூட்டுக்கு நானும் போனேன்கா, பூட்டின அன்னைக்கி. ஒரு பொம்பள மடியில கொழந்தய வெச்சிகினு அழுதுகினு இருந்தா. எனக்குதான் சரியாப் போச்சே, மருந்தே இல்லாம சுத்தமா கல்யாணம் பண்ணிக்கலாம்னு இருந்தேன். எங்கிட்ட இருந்தத அவளாண்ட குடுத்துட்டேன்."

அந்தப் பெண்ணின் வீடு எந்தப் பக்கம் என்று கேட்டேன்.

அந்தக் குழந்தையை நாங்கள் கண்டுபிடித்தோம். ஆனந்தன் கொடுத்த பொட்டலங்கள் தீர்வதற்கு முன்பே அதை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுவந்துவிட்டார்கள். அடுத்த வாரங்களில் நானும் டாக்டரும் இரண்டு மாணவர்களும் லைன் லைனாக ஏறி இறங்கினோம். சர்ச்சில் சொல்லச் சொன்னோம், விகாரையில் சொன்னோம், மாரியம்மன் கோயில் மைக்கில் சொன்னோம், யூனியன் ஆபீசில் ஷிப்ட் மாறும் நேரத்தில் நின்று சொன்னோம். "பொடி சாப்டறவங்க சட்னு நிறுத்தாதீங்க, ஆஸ்பத்திரிக்கு வாங்க." சிலர் கதவைச் சாத்தினார்கள். பலர் வந்தார்கள். நந்திதுர்க் லைனில் ஒரு வீட்டுக்குப் போனபோது வாசலில் சாவுப் பந்தல் போட்டிருந்தது. பொடி தீர்ந்துபோன அந்த வீட்டு மருமகள் முந்தின நாள் சமைத்துக்கொண்டிருக்கும்போது எரிகிற அடுப்பின் மேலேயே விழுந்திருக்கிறாள். டாக்டர் பந்தலுக்கு வெளியே ரொம்ப நேரம் நின்றார். முனிரத்தினத்தை அதற்குப் பிறகு யாரும் இந்தப் பக்கம் பார்க்கவில்லை.

ஆனந்தனுக்கு அதே பினோபார்பிடோன், அளந்த மாத்திரையாகக் கொடுத்தார்கள். ஈறு வீங்காது. நெற்றிக் கட்டோடு அவனே குடியாத்தம் போய், பெண் வீட்டில் எல்லோரையும் உட்காரவைத்து, சின்ன வயதிலிருந்து நடந்ததைச் சொல்லிவிட்டு வந்தான். பெண்ணின் அப்பா, "கலந்து பேசிட்டு சொல்றோம்" என்றாராம். தை வந்தது, போனது. ஒரு சேதியும் இல்லை. அம்மா அரக்கு நிறத்தில் வாங்கி வைத்திருந்த பட்டுப்புடவையைப் பெட்டியில் அடியில் வைத்தார். முடிந்தது என்றுதான் நாங்கள் எல்லோரும் நினைத்தோம்.

மாசியில் ஒரு மத்தியானம், கல்லூரி வாசலில் ஒரு பெண் என்னைத் தேடி வந்திருப்பதாகச் சொன்னார்கள். கோமதி. கையில் ஒரு துணிப்பை, பஸ்ஸில் தனியாக வந்திருக்கிறாள். ஊழியர் அறைக்குக் கூட்டிப்போய்த் தண்ணீர் கொடுத்தேன். குடித்துவிட்டு டம்ளரைக் கையிலேயே வைத்துக்கொண்டிருந்தாள்.

"எங்கப்பா பயப்படறாரு அண்ணி. எனக்கும் பயமாத்தான் கீது. நான் அத பாத்ததே இல்ல. எங்கூட இருக்கறப்போ வந்துச்சின்னா நான் இன்னா செய்யணும்?"

"மாத்திரைய ஒழுங்கா சாப்ட்டா பெரும்பாலும் வராது கோமதி. எப்பவுமே வராதுன்னு நான் சொல்லமாட்டேன்."

"அதான் கேக்கறேன். வந்தா? கையில இரும்பு குடுக்கணும்றாங்களே?"

"கூடாது. வாயிலயும் ஒண்ணும் வெக்கக் கூடாது. அழுத்திப் புடிக்கக் கூடாது. தலைக்கு அடியில துணி வெச்சி, ஒதறல் நின்னதும் ஒரு பக்கமா திருப்பிப் படுக்க வெக்கணும். எச்சில் வெளிய வந்துடும், மூச்சு அடைக்காது. நிக்காம திரும்பத் திரும்ப வந்தா ஆஸ்பத்திரிக்கித் தூக்கிகினு ஓடணும்."

"எப்பிடித் திருப்பணும்? காட்டுங்க."

வெள்ளைக் கோட்டோடு சிமெண்டுத் தரையில் மல்லாந்து படுத்தேன். அவள் என் பக்கத்தில் மண்டியிட்டாள். ஒரு முழங்காலை மடக்கி, தோளையும் இடுப்பையும் சேர்த்துப் பிடித்து உன் பக்கம் இழு என்றேன். முதல் முறை பாதியில் விட்டுவிட்டாள், என் தலை தரையில் இடித்தது. ஐயோ என்று வாயைப் பொத்திக்கொண்டாள். இரண்டாவது முறை திருப்பினாள், ஆனால் என் தலை வெறும் தரையில் உரசியது.

"இன்னொரு வாட்டி அண்ணி" என்றாள்.

மல்லாந்து படுத்து உடம்பைத் தளர்த்திக்கொண்டேன். இந்த முறை தன் துணிப்பையை மடித்து என் தலைக்கு அடியில் வைத்தாள். அது நான் மறுபடி நினைவூட்டாமலே செய்தது. முழங்காலை மடக்கினாள், ஒரே இழுப்பில் என்னைப் பக்கவாட்டில் திருப்பி, முகவாயைத் தொட்டு, வாய் தரையைப் பார்க்கிற மாதிரி லேசாகச் சாய்த்தாள். என் முதுகில் அவள் முழங்கால் முட்டுக்கொடுத்து நின்றது. நான் அப்படியே கொஞ்ச நேரம் கிடந்தேன்.

"போதும், எந்திரிங்க" என்றாள் கோமதி. "பஸ்ஸுக்கு நேரமாச்சி. நான் போய் எங்கப்பாகிட்ட பேசணும்."